கேளுங்க அண்ணாச்சி: வெறுங்கால் பையனும் ரசத்தில் கரைந்த மாத்திரையும்

(பதில் சொல்பவர் செங்கோட்டை லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் கணக்கப்பிள்ளை. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயோடு 22 வருஷமாக இருப்பவர்.)

கேள்வி: அண்ணாச்சி, ‘இட்ஸ் ஓகே, தட்ஸ் லவ்’ என்ற கொரியன் தொடரைப் பார்த்தேன். கதாநாயகனுக்கு மனச்சிதைவு. 16 எபிசோடில் தேறிவிடுகிறான். என் தாய்மாமாவுக்கும் அதே நோய்தான், ஆறு வருஷமாகிறது. மாத்திரையைத் துப்பிவிடுகிறார் என்று அத்தை பொடித்து ரசத்தில் போட்டுக் கொடுக்கிறார்கள். தொடரில் காட்டுவதெல்லாம் பொய்யா?
- கல்லூரி மாணவி, புளியரை

பதில்: தாயி, உன் கடிதம் வந்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு வைத்து நானும் பார்த்தேன். சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்கு என் கண் ஓடாது, அவள்தான் வாசித்துச் சொன்னாள். 2014-ல் வந்த தொடராம். பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போங்க, முடிச்சை அவிழ்க்கப் போறேன்.

நாயகன் நாவல் எழுதுகிறவன். அவனோடு ஒரு பள்ளிக்கூடப் பையன் சுற்றுவான், நாயகன் கண்ணுக்கு மட்டும் தெரிவான். காலம் போயும் பையன் வளரவில்லை, எப்போதும் வெறுங்கால். அதை வைத்துத்தான் ‘இவன் நிஜமில்லை’ என்று பிடிபடுகிறது. கடைசியில் நாயகன் அந்தப் பையன் காலைக் கழுவி, ஷூ மாட்டி அனுப்பி வைக்கிறான். அந்த இடத்தில் நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

எனக்கு இப்படி ஆள் கண்ணில் தெரிந்ததில்லை. இந்த நோயில் பெரும்பாலும் காதில்தான் கேட்கும். அப்போது புளியரையில் கேரளா போகிற வைக்கோல் லாரிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். லாரி கோட்டைவாசல் வளைவில் ஏறினதும் ஒரு மலையாளத்தான் குரல் ஆரம்பிக்கும்: ‘எல்லாம் எனிக்கு மனசிலாச்சு.’ எல்லாம் எனக்குப் புரிஞ்சு போச்சு என்று அர்த்தம். நான் செய்ததையும் செய்யாததையும் சொல்லிச் சொல்லி மிரட்டும். மருந்து ஆரம்பித்து மூணாம் மாசம், டீ குடிக்கும்போது சுருக்கென்று பட்டது. நிஜ மலையாளத்தான் ‘மனசிலாயி’ என்றுதானே சொல்வான்? ‘மனசிலாச்சு’ என்பது என்னுடைய அரைகுறை மலையாளம். என் தப்பை அவனும் பேசினால் அவன் யார்? கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். கடைக்காரர் பயந்துபோனார். மாத்திரை அந்தக் குரலைத் தாழ்த்தின பிறகுதான் இது உறைத்தது. அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

ஆகத் தொடர் பொய்யில்லை, அவசரம். ஷூ மாட்டி அனுப்பின பிறகு வருகிற வருஷங்களுக்கு 16 எபிசோடில் ஏது இடம்? உடம்பு 14 கிலோ ஏறியது. கை நடுங்கி, நோட்டில் 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் தெரியாமல் முதலாளியிடம் ஏச்சு வாங்கினேன். ரெண்டு தடவை நானாக மருந்தை நிறுத்தினேன், ரெண்டு தடவையும் குரல் திரும்பி வந்தது. இன்றைக்கும் ராத்திரி ஒரு மாத்திரை உண்டு. தூக்கம் கெட்டால் லேசாக ஒரு முணுமுணுப்பு. வேலைக்குப் போகிறேன், தங்கச்சி பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இதைக் குணம் என்று சொல்ல மாட்டாயா?

இனி அந்த ரசம். என் அம்மா காபியில் போட்டாள். குரல் அப்போது எனக்கு ஓதிக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? ‘உன் சாப்பாட்டில் எதையோ கலக்குகிறார்கள்.’ ஒருநாள் டம்ளர் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்துவிட்டேன். குரல் சொன்னது மெய்யாகி, அம்மா சொன்னது பொய்யாகிவிட்டது. நாலு மாசம் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

அத்தையிடம் சொல், ரசத்தை ரசமாகவே ஊற்றட்டும். மாமா துப்புவதற்குக் காரணம் இருக்கும்: தூக்கக் கலக்கமா, நடுக்கமா, வாய் உலர்கிறதா? கேட்டு டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார். மாசம் ஒரு ஊசியாகப் போடுகிற மருந்தும் உண்டு, எனக்கு மூணு வருஷம் அதுதான். அரசாங்கத்தின் மனநல உதவி எண், டெலி மானஸ் 14416-க்கு போன் செய்தால் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. அத்தையும் பேசட்டும், அவங்களுக்கும் யாராவது வேணும்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. கொரியாவில் இந்த நோய்க்கு முன்பு ‘மனம் பிளந்த நோய்’ என்கிற மாதிரிப் பேர். 2011-ல் அதை மாற்றி, தந்திக்குச் சுருதி சேர்க்கிற அர்த்தம் வருகிற பேராக வைத்தார்கள். நமக்கு இன்னும் ‘சிதைவு’தான். நான் என்ன சிதறுதேங்காயா? செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர் பக்கம், அதனால் எங்க ஆச்சி யாரை ஏசினாலும் ‘ஊளம்பாறைக்கு அனுப்பணும்’ என்பாள், அது திருவனந்தபுரத்து மனநல ஆஸ்பத்திரி. எங்க செட்டுக்குக் கீழ்ப்பாக்கம். எல்லையில் இருப்பதில் ஒரு லாபம், ரெண்டு ஆஸ்பத்திரிப் பேரிலும் ஏச்சு வாங்கலாம்.

கேள்வி: எங்கள் பலசரக்குக் கடைக்கு வேலை கேட்டு வந்த பையன் இந்த நோய்க்கு மருந்து சாப்பிடுகிறானாம். வைத்துக்கொள்ளலாமா?
- கடைக்காரர், ஆரியங்காவு

பதில்: வையுங்க. ராத்திரி லோடு இறக்க மட்டும் சொல்லாதீங்க, தூக்கம் கெடக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு மாசம் ஒருநாள் லீவு கொடுங்க. சம்பளம் மற்றவனுக்கு என்னவோ அதுவே. என் முதலாளி இந்த மூணும் செய்தார். எல்லாரையும் ஏசுகிற மாதிரியே என்னையும் ஏசுவார்.