கார் சக்கரத்தில் 'கரகர' சத்தம் வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் கரகரவென்று அரைக்கிறதா, மிதிக்காமலே ஓடும்போதும் கேட்கிறதா? முதலில் இதைக் கவனியுங்கள். பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

மிதித்தால் மட்டும் என்றால், பெரும்பாலும் பிரேக் பேட் தேய்ந்திருக்கும். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் கட்டைதான் பேட். புதிதில் சுமார் 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். முழுதும் கரைந்தால் பேடின் இரும்பு முதுகு நேராகத் தட்டில் உரசும். பென்சில் முனையில் உள்ள ரப்பர் தீர்ந்த பிறகும் அழித்தால் தகரம் தாளைக் கிழிக்குமே, அதே கதை. வேலூரிலிருந்து ஏலகிரி போனால் 14 கொண்டை ஊசி வளைவுகள். இந்தச் சத்தத்தோடு அங்கே ஏறவே வேண்டாம், இறங்கும்போதுதான் பிரேக்குக்கு முழு வேலை.

மிதிக்காமலே, வேகம் கூடக் கூட உறுமல் கூடினால், சக்கரம் உரசாமல் சுழல உதவும் வீல் பேரிங் மீது சந்தேகப்படலாம். பெங்களூர் நெடுஞ்சாலையில் லேசாக வளையும்போது சத்தம் மாறினால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

சில நேரம் தட்டுக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கல் சிக்கியிருக்கும், அவ்வளவுதான். இரவு மழையில் நின்ற வண்டி காலையில் கரகரத்தால் அது மேல்துரு. நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

அப்புறம், 'கொஞ்சம் எண்ணெய் விட்டால் சத்தம் நின்றுவிடும்' என்பார்கள். பிரேக்கில் எண்ணெய் பட்டால் சத்தத்தோடு பிடிமானமும் போய்விடும்.