கருப்பு உடை நோயின் அறிகுறியா?

கேள்வி: எனக்கு 20 வயது. ஊர் பெருந்துறை பக்கம், கோவையில் படிக்கிறேன். மூன்று வருடமாக கோத் பாணியில்தான் உடுத்துகிறேன். கருப்பு உடை, கருப்பு உதட்டுச் சாயம், கண்ணைச் சுற்றி அடர்த்தியான மை. கேட்பதும் அந்தப் பாட்டுகள்தான். இரண்டு மாதமாகத் தூக்கம் போய்விட்டது. படிப்பில் மனம் ஒட்டவில்லை, மை தீட்டக்கூடத் தோன்றுவதில்லை. அம்மா ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் ஒழுங்காக உடுத்திக்கொண்டு போனேன். அவர் பார்த்ததும், "பேய் பூஜை ஏதாவது செய்கிறாயா?" என்றார். தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாத்திரை எழுதிவிட்டு, "இந்த வேஷத்தைக் கலைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார். அம்மா என் உடைகளைப் பீரோவில் பூட்டிவிட்டார். கோத் என்பது மனநோயா? இனி எந்த டாக்டரிடமும் போகப் பிடிக்கவில்லை.

பதில்: இல்லை கண்ணு, அது நோய் இல்லை. 1970களின் கடைசியில் இங்கிலாந்தில் பங்க் என்ற முரட்டு ராக் இசையின் தொடர்ச்சியாகக் கிளம்பி, பாட்டும் உடையுமாக வளர்ந்த ஒரு ரசனை. சாவையும் இருட்டையும் அழகாகப் பார்க்கிறது என்பதுதான் பலருக்கு உறுத்தல். நம் ஊர்க்காரர்களுக்கு அது உறுத்தவே கூடாது. ஆனைமலை மாசாணியம்மன் மயானத்தில் மல்லாந்து படுத்த கோலத்தில் இருப்பவள். அங்கே நள்ளிரவில் நடக்கும் மயான பூஜைக்குக் குடும்பத்தோடு போகிறோம். கார்த்திகை பிறந்தால் தெருவுக்குப் பத்துப் பேர் கருப்பு வேட்டி கட்டி மாலை போடுகிறார்கள். ஈரோட்டுப் பெரியாரின் தொண்டர்கள் ஆயுள் முழுக்கக் கருப்புச் சட்டை போட்டார்கள். அவர்களிடமெல்லாம் கேட்காத கேள்வியை ஒரு பெண்பிள்ளையிடம் மட்டும் கேட்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

நானும் மனநல மருத்துவர்தான். என் துறையிலேயே இந்த முன்முடிவு இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் நானும் இதே தவறைச் செய்தேன். சடை வளர்த்து, மண்டையோட்டு மோதிரம் போட்டு வந்த ஒரு பையனின் சீட்டில் "விசித்திரமான தோற்றம்" என்று எழுதி, அதைச் சுற்றியே பேசி அனுப்பிவிட்டேன். விடுதியில் அவனைத் தினமும் அடித்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியவே ஆறு மாதம் ஆனது. நான் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பான்.

மனநலப் பரிசோதனையில் நாங்கள் முதலில் குறிப்பது தோற்றத்தைத்தான். அதற்குக் காரணம் உண்டு. தலை வாரியிருக்கிறதா, குளித்திருக்கிறாரா, தன்னைக் கவனித்துக்கொள்ளும் வழக்கம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக. மற்றவர்களைப் போல உடுத்தியிருக்கிறாரா என்பது அங்கே கேள்வியே இல்லை. ஆசையாக உட்கார்ந்து கண்ணுக்கு மை இழுப்பவர் தன்னைக் கவனித்துக்கொள்கிறார் என்றுதான் பொருள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது கருப்பு உடை இல்லை, "மை தீட்டக்கூடத் தோன்றுவதில்லை" என்ற வரி. பிடித்ததில் பிடிப்பு விட்டுப்போவது மனச்சோர்வின் முக்கிய அறிகுறி. அந்த டாக்டர் மையைப் பார்த்தார், அது நின்றுபோயிருந்ததைக் கேட்டறியவில்லை.

சில டாக்டர்கள் ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பகுதிப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியானது. 15 வயதில் தங்களை கோத் என்று அழுத்தமாகச் சொன்னவர்களுக்கு 18 வயதில் மனச்சோர்வு சுமார் மூன்று மடங்கும், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது ஐந்து மடங்கும் அதிகம் என்றது. உண்மைதான். ஆனால் கோத் பாணிதான் இதற்குக் காரணம் என்று அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை. ஏற்கெனவே ஒதுக்கப்பட்டு வாடும் பிள்ளைகள் தங்களைப் போன்றவர்களைத் தேடி அங்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். அதே நாட்டில் 2007இல் 20 வயதுப் பெண் ஒருவரை கோத் உடை போட்டதற்காகவே பூங்காவில் மிதித்துக் கொன்றார்கள். இப்படி நடத்தப்படுகிறவர்களுக்கு மனம் சோராதா? அந்த எண்களைப் பார்க்கும் டாக்டர் இன்னும் நாலு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டுமே தவிர, உடையைக் கழற்றச் சொல்லக் கூடாது.

சட்டமும் உங்கள் பக்கம்தான். ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு மதிப்புகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மூன்றாம் பிரிவில் சொல்கிறது.

சரி, இப்போது உங்கள் உடம்புக்கு வருவோம். தூக்கமின்மை, படிப்பில் பிடிப்பின்மை, ஆசை குறைவது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே பார்க்க வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள். ரத்தசோகையும் தைராய்டுக் குறைவும் இதே மாதிரி ஆளைச் சோர்த்துப் போடும். எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டு வந்தால் திடீரென்று நிறுத்த வேண்டாம், சில தூக்க மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் தொல்லை அதிகமாகும். அடுத்த டாக்டரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள்.

அடுத்த டாக்டரா என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் சரியாகக் கேட்கவில்லை என்பதற்காக உங்கள் தூக்கத்தை ஏன் இழக்க வேண்டும்? எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது விழித்தேன் என்று ஒரு வாரம் குறித்து எடுத்துப் போங்கள். உட்கார்ந்ததும், "இந்த உடை மூன்று வருடமாக இருக்கிறது, தூக்கம் போனது இரண்டு மாதமாகத்தான்" என்று முதல் வரியாகச் சொல்லுங்கள். தனியாகப் பேச வேண்டும் என்றும் கேட்கலாம், உங்களுக்கு வயது வந்துவிட்டது. சாக வேண்டும், கையைக் கீறிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் டாக்டரைப் பார்க்கும் நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே வீட்டில் சொல்லுங்கள், பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416ஐ இரவிலும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். அம்மா, பயந்துபோய்த்தான் அப்படிச் செய்தீர்கள் என்று தெரியும். அந்தப் பீரோவை இன்றைக்கே திறந்துவிடுங்கள். உங்கள் பெண் மறுபடி கண்ணாடி முன் உட்கார்ந்து மை தீட்ட ஆரம்பித்தால், எந்த நாளில் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்பார்.