உங்கள் ஓட்டு எத்தனை வருஷத்துக்கு? சட்டப்பேரவைக் காலம் பற்றிய கேள்வி-பதில்

எம்.எல்.ஏ.க்களின் பதவிக்காலத்தை மாற்றலாமா, யார் மாற்றலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறேன்.

'ஒரே நாடு ஒரே தேர்தல்' சட்டமானால், 2026-ல் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள் 2029-லேயே வீட்டுக்குப் போக வேண்டுமா? (திருச்சி)

மசோதாவில் எழுதியிருப்பதன்படி அப்படி இல்லை. 2024 டிசம்பர் 17-ல் மக்களவையில் அறிமுகமான 129-வது அரசியலமைப்புத் திருத்த மசோதா, 82ஏ என்ற புதிய பிரிவைச் சேர்க்கச் சொல்கிறது. பொதுத்தேர்தல் முடிந்து மக்களவை முதன்முதலாகக் கூடும் நாளில் குடியரசுத் தலைவர் ஓர் அறிவிக்கை வெளியிடலாம். அதற்குப் பிறகு நடக்கும் தேர்தல்களில் அமையும் சட்டப்பேரவைகள் எல்லாம், அந்த மக்களவையின் ஐந்தாண்டு முடியும்போது தாமும் முடிந்துவிடும். அதற்கு முன்பே அமைந்தவற்றின் காலத்தில் கைவைக்கவில்லை.

2029 தேர்தலுக்குப் பின் அறிவிக்கை வருவதாக வைத்துக்கொள்வோம். 2026-ல் அமையும் தமிழ்நாட்டுப் பேரவை வழக்கம்போல 2031 வரை போகும். அடி விழுவது அடுத்த பேரவைக்கு. 2031-ல் நாம் தேர்ந்தெடுப்பது 2034-ல் கலைந்துவிடும், அதாவது மூன்றே வருஷம். இதே கணக்கில் உத்தரப் பிரதேசமும் பஞ்சாபும் 2032-ல் தேர்ந்தெடுக்கும் பேரவைகளுக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம்தான். கர்நாடகம் 2033-ல் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு வருஷம். ஒரு வருஷத்தில் புதிய அரசு ஒரு முழு பட்ஜெட் போட்டு முடிப்பதற்குள் அடுத்த தேர்தல் வாசலில் நிற்கும். தேர்தல் செலவைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். செலவு உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கர்நாடக வாக்காளர் அதற்குக் கொடுக்கும் விலை நான்கு வருஷ ஆட்சி. என் கணக்கில் அது மிக அதிகம்.

தமிழ்நாடு சட்டப்பேரவை இந்தத் திட்டத்தை எதிர்த்து 2024 பிப்ரவரி 14-ல் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது.

மாநிலங்களைக் கேட்காமலே நாடாளுமன்றம் எங்கள் பேரவையின் காலத்தைக் குறைக்க முடியுமா? (கோவில்பட்டி)

பேரவையின் காலம் 172-வது பிரிவில் இருக்கிறது. அதை மாநிலம் தானாக மாற்ற முடியாது, நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும். எந்தெந்தப் பிரிவுகளைத் திருத்தக் குறைந்தது பாதி மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும் என்று 368-வது பிரிவு ஒரு பட்டியல் போடுகிறது. அதில் 172 இல்லை. இந்தத் திட்டத்தை ஆராய்ந்த ராம்நாத் கோவிந்த் குழு, பதவிக்காலத்தை மாற்ற மாநிலங்களின் ஒப்புதல் தேவையில்லை என்று சொன்னதற்கு அடிப்படை இதுதான். எழுத்தின்படி சரி. ஆனால் கூட்டாட்சி என்பது, நாடாளுமன்றம் கைவைக்க முடியாத அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் ஒன்று என்று உச்ச நீதிமன்றம், மாநில ஆட்சிக் கலைப்பு பற்றிய பொம்மை வழக்கில் சொல்லியிருப்பதால், சட்டமானாலும் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகாமல் இருக்காது.

அதற்கு முன்னால் ஓட்டுக் கணக்கு இருக்கிறது. அறிமுகத்தின்போது ஆதரவு 269, எதிர்ப்பு 198. அறிமுகத்துக்கு அது போதும். அதே 467 பேர் ஓட்டுப் போட்டால், நிறைவேற்ற மூன்றில் இரண்டு பங்காக 312 வேண்டும்.

ஒரு காலத்தில் ஆறு வருஷமாக இருந்தது என்று அப்பா சொல்கிறார். உண்மையா? (சேலம்)

உண்மை. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. 1971 மார்ச்சில் தேர்ந்தெடுக்கப்பட்ட மக்களவை 1976-ல் முடிந்திருக்க வேண்டும். நெருக்கடி நிலையைக் காட்டி அதை ஒரு வருஷம் நீட்டினார்கள், அப்புறம் இன்னொரு வருஷம். அந்த ஆண்டே 42-வது திருத்தம் வந்து, மக்களவைக்கும் சட்டப்பேரவைகளுக்கும் ஐந்தை ஆறாக்கியது. அதைவிட மோசமான ஒரு வரி அதில் உண்டு: அப்போது இருந்த அவைகளுக்கும் இது பொருந்தும். மக்கள் ஐந்து வருஷத்துக்கு அனுப்பியவர்கள், ஆறாவது வருஷத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். கேரளத்தில் 1970-ல் அமைந்த பேரவை 1977 வரை நீடித்தது. தமிழ்நாட்டில் நடந்தது நேர்மாறு. 1971-ல் அமைந்த பேரவை, ஐந்தாண்டு முடியச் சில வாரங்களே இருக்கும்போது, 1976 ஜனவரி 31-ல் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1977 ஜூனில்தான்.

1978-ல் ஜனதா ஆட்சி 44-வது திருத்தத்தால் மீண்டும் ஐந்தாக்கியது. ஜம்மு காஷ்மீரில் மட்டும், தனி அரசியலமைப்பு இருந்ததால், 2019 வரை ஆறு வருஷம் தொடர்ந்தது.

1977-ல் அமைந்த எம்.ஜி.ஆர். ஆட்சி 1980 பிப்ரவரியில் கலைக்கப்பட்டது. 1989-ல் வந்த கருணாநிதி ஆட்சியை 1991 ஜனவரியில் கலைத்தார்கள். மாநில ஆட்சியைக் கலைக்க உதவும் 356-வது பிரிவை நினைத்தபோது எடுக்க முடிந்த நாட்களில், சட்டப் புத்தகத்தில் ஐந்து இருந்தாலும் ஆறு இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. 1994-ல் பொம்மை தீர்ப்பு அதற்குக் கடிவாளம் போட்ட பிறகுதான் 'ஐந்து' என்ற எண்ணுக்கு உண்மையான பலம் கிடைத்தது.

என் நிலைப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். காலத்தை நாலாக்குங்கள், ஆறாக்குங்கள், விவாதிக்கலாம். ஆனால் எந்த மாற்றமும் அடுத்த தேர்தலில் அமையும் அவைக்குத்தான் பொருந்த வேண்டும். ஓட்டுப் போடும் நாளில் எத்தனை வருஷத்துக்குப் போடுகிறோம் என்று வாக்காளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புதிய மசோதாப்படி ஆட்சி நடுவில் கவிழ்ந்து பேரவை கலைந்தால்? (நாகர்கோவில்)

மறுபடி தேர்தல் நடக்கும், ஆனால் மிச்சமிருக்கும் காலத்துக்கு மட்டும். 1984 டிசம்பரில் தமிழ்நாடு மக்களவையோடு சேர்த்தே ஓட்டுப் போட்டது. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் 1988 ஜனவரியில் பேரவை கலைந்து, 1989 ஜனவரியில் தேர்தல் நடந்தது. இந்த விதி அன்று இருந்திருந்தால், அந்தத் தேர்தலில் வந்த அரசுக்குக் கிடைத்திருப்பது சுமார் ஒரு வருஷம்.

ஐந்து என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? (காரைக்குடி)

1935-ம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலிருந்து. அதற்கு முன், இரட்டையாட்சிக் காலத்தில், மூன்று வருஷம். சென்னை மாகாணத்தில் 1920, 1923, 1926 எனத் தேர்தல்கள் நடந்தது அதனால்தான்.

இடைத்தேர்தலில் ஜெயிப்பவருக்கு முழு ஐந்து வருஷம் உண்டா? (விருதுநகர்)

இல்லை, பேரவையின் மீதிக் காலம் மட்டும். இடம் காலியான ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு. மீதிக் காலம் ஒரு வருஷத்துக்கும் குறைவாக இருந்தால் கட்டாயமில்லை. 2017 செப்டம்பரில் 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டது நினைவிருக்கும். வழக்கு இழுத்ததால் அவர்கள் தொகுதிகளில் இடைத்தேர்தல் 2019 ஏப்ரல், மே மாதங்களில்தான் நடந்தது. ஜெயித்தவர்களுக்கு 2021 வரை சுமார் இரண்டு வருஷம் கிடைத்தது. அதற்கு முந்தைய ஒன்றரை வருஷம் பூந்தமல்லிக்கும் பெரியகுளத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் பேரவையில் ஆளே இல்லை.