மறு: மாதவிடாய் நின்றதும் கொழுப்பு ஏறிவிட்டது, என்ன தப்பு செய்தேன்?

மஞ்சக்குப்பம் அக்காவுக்கு வணக்கம். கறி தொடுவதில்லை, எண்ணெயும் அளந்துதான் ஊற்றுகிறேன், 51 வயதில் மாதவிடாய் நின்ற ஒரு வருஷத்துக்குள் எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 118-லிருந்து 162 ஆகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் அடுப்படியைக் குறை சொல்லாதீர்கள். ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைக் கல்லீரல்தான் பிடித்து உள்ளே இழுக்கிறது; அதைப் பிடிக்கும் கொக்கி மாதிரியான ஏற்பிகளைக் கூட்டி வைத்திருந்தது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். மாதவிடாய் நிற்கும்போது அது குறைந்ததும் பிடிப்பும் குறைகிறது. கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓரிரு வருஷத்தில்தான் இந்த ஏற்றம் அதிகம். வயிற்றுக் கொழுப்பும் அப்போதுதான் சேரும்.

முதலில் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள். தைராய்டு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சுகர், பிரஷர் கணக்கும் வேண்டும், அதை வைத்துத்தான் மாத்திரையா, கொஞ்சம் பொறுக்கலாமா என்று டாக்டர் முடிவு செய்வார். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார் என்றால் பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்டு நிறுத்த வேண்டாம். வெந்தயத் தண்ணீர் குடியுங்கள், ஆனால் அது மாத்திரைக்கு மாற்றில்லை. ஹார்மோன் மாத்திரை, மாதவிடாய் நிற்கும்போது திடீர் திடீரென வரும் உடம்புச் சூட்டுக்கு உதவும். இதயத்தைக் காக்க என்று அதைக் கொடுப்பதில்லை.

சாயங்காலம் சில்வர் பீச்சில் வேகமாக நடங்கள். மத்தியை வறுக்காமல் குழம்பு வையுங்கள். பிரஷர் இருந்தால் கருவாடு வேண்டாம்.

ஒன்று மட்டும்: திடீரென மூச்சு வாங்கினால், தாடையோ மேல்முதுகோ வலித்தால், காரணமில்லாமல் வியர்த்தால், வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிட்டு, போய் ஈசிஜி எடுங்கள்.