மகளிரியல் படிப்பும் ஆய்வும்: கேள்வி பதில்

புதுச்சேரியில் 22 ஆண்டுகள் மகளிரியல் பாடம் நடத்தினேன். என் கள ஆய்வு பெரும்பாலும் கடலூர் மாவட்டத்தில். வந்த கேள்விகளில் என் துறைக்குள் இருப்பவற்றுக்கு விரிவாகவே பதில் தருகிறேன். மற்றவற்றுக்கு யாரிடம் கேட்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

பி.ஏ. தமிழ் மாணவி, நெல்லிக்குப்பம்: மேடம், மகளிரியலில் என்ன சொல்லித் தருவாங்க? தையல், சமையல் மாதிரியான்னு அப்பா கேட்கிறார்.

அப்பா நினைப்பது மனையியல். அது வேறு துறை, அதற்கும் மரியாதை உண்டு. மகளிரியல் பிறந்த கதையை அவருக்குச் சொல்லுங்கள். 1971-இல் மத்திய அரசு பெண்களின் நிலையை ஆராய ஒரு குழு அமைத்தது. குழுவின் அறிக்கை 1974-இல் தயாரானது. அது ஒரு கணக்கைக் காட்டியது. 1901-இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்த நாட்டில், 1971-இல் 930 பேர்தான் இருந்தார்கள். இந்தக் கணக்கு அதுவரை மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் புத்தகங்களில் கிடந்ததுதான். 'ஏன்' என்று பெரிதாக யாரும் கேட்கவில்லை. அந்தக் குழுவின் உறுப்பினர் செயலராக இருந்த வீணா மஜும்தார் போன்றவர்கள் இந்தக் கேள்வியைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதே 1974-இல் பம்பாயில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் நீரா தேசாய் ஆய்வு மையம் தொடங்கினார்.

கூலி, சொத்து, சட்டம், உடல்நலம், சாதி, வரலாறு, ஆய்வுமுறை எல்லாம் பாடத்தில் வரும். தமிழ் படித்த உங்களுக்கு ஒரு உதாரணம்: 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டம் வந்தது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார். அந்த வாழ்க்கைக்குள்ளிருந்தே வந்த மூவலூர் இராமாமிர்தம் ஊர் ஊராகப் பேசினார். இருவரையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது, சட்டம் எங்கே பிறக்கிறது என்று தெரியும்.

வாசகர், வில்லியனூர்: சேர்வதற்கு நுழைவுத் தேர்வு உண்டா?

காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் படிப்புகளுக்கு, தேசிய அளவிலான பொது நுழைவுத் தேர்வான சியூஇடி எழுத வேண்டும். தகுதி, கட்டணம் எல்லாம் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள்.

எம்.ஏ. மாணவர், சிதம்பரம்: வேலை கிடைக்குமா மேடம்?

ஒரே தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் மகளிரியல் தனிப் பாடம். இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். அதனால் தமிழ்வழியில் படித்தவர்கள் கலைச்சொற்களை முதல் பருவத்திலிருந்தே இரு மொழியிலும் எழுதிப் பழக வேண்டும். உதவிப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். என்னிடம் படித்தவர்கள், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையத்திலும், தொண்டு நிறுவனங்களிலும், குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் வேலை பார்க்கிறார்கள். களத்தில் பேசத் தெரிந்தவர், அதை ஒழுங்காக எழுதவும் தெரிந்தவர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

ஆய்வு மாணவி, விருத்தாசலம்: 'சுய உதவிக் குழுக்களும் பெண்கள் அதிகாரம் பெறுதலும்' என்று தலைப்பு எடுத்திருக்கிறேன். 200 பேருக்குக் கேள்வித்தாள் தயார். சரியா அம்மா?

வேண்டாம்மா. 1989-இல் தருமபுரியில் குழுக்கள் தொடங்கியதிலிருந்து இந்தத் தலைப்பில் எழுதிய ஆய்வேடுகள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. 'குழுவில் சேர்ந்தபின் தன்னம்பிக்கை கூடியதா?' என்று கேட்டால் குழுத் தலைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க யார் 'இல்லை' என்பார்கள்? கேள்வித்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் போகாதீர்கள். அதைப் பார்த்ததும் அரசாங்கக் கணக்கெடுப்பு என்று நினைப்பார்கள். வீடு, உதவித்தொகை ஏதோ வரப்போகிறது என்று பதிலை அதற்கேற்பச் சொல்வார்கள்.

நான் பட்டதையே சொல்கிறேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களிடம் நானும் முதலில் கேள்வித்தாளோடுதான் போனேன். 'வேலையில் திருப்தியா?' 'திருப்திதான்.' நாற்பது பேரும் அதையே சொன்னார்கள். இரண்டாம் வாரம் தாளை வீட்டில் வைத்துவிட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு எழுந்ததிலிருந்து என்ன செஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டேன். ஒரு அக்கா கையை விரித்துக் காட்டினார். முந்திரிக்கொட்டைத் தோலிலிருந்து வரும் எண்ணெய் பட்டு விரல் நுனிகள் கறுத்து, ரேகை தெரியாமல் உரிந்திருந்தன. "புள்ளைக்குச் சோறு பெசஞ்சு ஊட்டி ரெண்டு வருசம் ஆவுது, கரண்டியாலதான் குடுக்கறேன்" என்றார். ரேஷன் கடையில் கைரேகை விழாமல் மூன்று நாள் அலைந்ததையும் சொன்னார். கூலி, உடல்நலம், தாய்மை, அரசுத் திட்டம் எல்லாம் அந்த ஒரு கைக்குள் இருந்தது. என் கேள்வித்தாளில் கை பற்றி ஒரு வரிகூட இல்லை.

இந்த 'எழுந்ததிலிருந்து' கேள்வி வெறும் பேச்சுக்கு அல்ல. அரசே நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்துகிறது. 2024 கணக்குப்படி கூலியில்லாத வீட்டுவேலைக்கு அதைச் செய்யும் பெண்கள் நாளுக்கு 289 நிமிடம் தருகிறார்கள், செய்யும் ஆண்கள் 88 நிமிடம். குழுவையே ஆராய வேண்டுமென்றால், கடன் வாங்கிய பெண் அந்த 289 நிமிடத்தில் எதை விட்டுக்கொடுத்துத் தவணை கட்டினாள் என்று பாருங்கள்.

வாசகர், அரியாங்குப்பம்: ஆண்கள் படிக்கலாமா?

படிக்கலாம். என் வகுப்பில் படித்தார்கள்.

வரலாறு ஆய்வாளர், புதுச்சேரி: பிரெஞ்சுக் காலப் பெண்களைப் பற்றி எழுத ஆதாரம் எங்கே?

நல்ல கேள்வி. 1880 ஆணைக்குப் பிறகு பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் உண்டு. அதில் மணப்பெண்ணின் வயதையும், கையெழுத்துப் போட்டாளா கீறல் போட்டாளா என்பதையும் கவனியுங்கள். அடுத்த ஆண்டு, 1881-இல், சாதி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க வழி வந்தது. அதை ஏற்ற குடும்பங்களின் வழிவந்தவர்களுக்கு இன்றும் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. 1936 ஜூலை 30 ஆலைத் தொழிலாளர் போராட்டத்தில் துப்பாக்கிச்சூட்டில் 12 பேர் இறந்தார்கள். அந்த ஆலைகளில் வேலை செய்த பெண்களைப் பற்றித் தனியாக எழுத நிறைய இடம் இருக்கிறது. பேரன் பேத்திகள் முதலியார்பேட்டையில் இருப்பார்கள், பாட்டி சொன்னதைக் கேட்டு வையுங்கள்.

வாசகர், கடலூர் முதுநகர்: சட்டம் என்றதும் கேட்கிறேன். உங்களைப் போன்றவர்கள் சொத்துரிமை என்று பேசிக் குடும்பத்தைப் பிரிக்கிறீர்கள். என் தங்கை விருப்பப்பட்டுத்தான், பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். 40 பவுன் போட்டோம், சீர் செய்தோம்.

ஐயா, உங்கள் தங்கையை எனக்குத் தெரியாது. நான் பார்த்த ஒரு தங்கையைச் சொல்கிறேன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஆய்வுக்காகப் பல நாள் உட்கார்ந்திருக்கிறேன். பாகூரிலிருந்து கைக்குழந்தையோடு பேருந்தில் வந்திருந்தார். எழுத்தர் படித்துக் காட்டிய நாலு வரியை அவர் கேட்கவில்லை, குழந்தை அழுதுகொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டார், ரேகை வைத்தார். மையைச் சுவரில் தேய்த்துக்கொண்டு நின்றவரிடம், "விருப்பப்பட்டுத்தானே?" என்று கேட்டேன். "பொறந்த வீட்டு வாசப்படி வேணுமில்ல மேடம்" என்றார். நாளைக்குப் புருஷன் அடித்தாலும், நோய் வந்தாலும் போய் நிற்க ஓர் இடம் வேண்டும். அந்த வாசற்படிக்கு அவர் கொடுத்த விலை அரை ஏக்கர். பத்திரத்தில் 'மனப்பூர்வமாக' என்று எழுதியிருந்தது.

வாசகி, பாகூர்: நான் கையெழுத்துப் போடலை மேடம். ஆறு வருஷமா அண்ணன் வீட்டு விசேஷம் எதுக்கும் கூப்பிடறதில்லை.

உங்கள் பதில்தான் நான் சொன்னதற்குச் சாட்சி. மறுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்து கொடுக்கும் சம்மதத்தை எப்படி எடைபோடுவது? மகளிரியல் வகுப்பில் ஒரு பருவம் முழுக்க இதைத்தான் பேசுவோம்.

வாசகர், கடலூர் முதுநகர்: அப்போ சீர்?

நகை எங்கே போயிற்று என்று கேளுங்கள். பெரும்பாலும் மாப்பிள்ளையின் தொழிலுக்கோ நாத்தனார் கல்யாணத்துக்கோ போயிருக்கும். நிலம் உங்கள் பெயரில் இன்றும் நிற்கிறது, விலையும் ஏறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1989 திருத்தம், அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமாகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்தது. 2005 மத்தியத் திருத்தம் மணமான பெண்களையும் சேர்த்தது. அந்த 2005 திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிரோடு இருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சீரைப் பங்கில் கழிக்க இதில் எங்கும் இடமில்லை.

வாசகர், குறிஞ்சிப்பாடி: அம்மா அப்பாவைக் கடைசிவரை பார்த்தது நான். பங்கு மட்டும் சமமா?

உங்கள் வலி நியாயமானது. முதியவர்களைப் பார்த்துக்கொள்வது பெரிய உழைப்பு. அதற்குக் கணக்கு வேண்டும் என்பதே எங்கள் துறையின் வாதமும். ஆனால் படுக்கையில் கிடந்த அம்மாவுக்குத் துணி மாற்றியது யார்? உங்கள் மனைவி என்றால், பத்திரத்தில் அவர் பெயர் இருக்கிறதா? பார்த்துவிட்டு எழுதுங்கள், பதில் சொல்கிறேன். தனிப்பட்ட வழக்குகளுக்கு வழக்கறிஞரிடம் போங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசம்.

வாசகி, பண்ருட்டி: மகளிரியல் படித்தால் வேலை உண்டா?

மேலே சொல்லியாயிற்று.

ஆய்வு மாணவர், திண்டிவனம்: 'சுய உதவிக் குழுவின் பொருளாதாரத் தாக்கம்', 300 பேர்...

விருத்தாசலம் மாணவிக்குச் சொன்னதைப் படியுங்கள். 300 பேரில் மூன்று பேரோடு மூன்று நாள் இருங்கள்.

மூன்று பேர்: வேலை?

மேலே.

பெயர் வேண்டாம் என்ற மாணவி: என் நெறியாளர் அறைக்குத் தனியாக வரச் சொல்லி...

முழுசாக எழுத வேண்டாம் அம்மா, புரிகிறது. இது உன் தவறு இல்லை. தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் இன்றே எழுதி வை, குறுஞ்செய்திகளை அழிக்காதே. பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க உன் நிறுவனத்தில் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டமும் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) மாணவர்களுக்காகக் கொண்டுவந்த 2015 விதிகளும் அப்படித்தான் சொல்கின்றன. புகாரை எழுத்தில் கொடு. மூன்று மாதத்துக்குள் கொடுப்பது முக்கியம். விசாரணை முடியும்வரை நெறியாளரை மாற்றித் தரக் கேட்கலாம். மகளிர் உதவி எண் 181-இலும் பேசலாம். தனியாகப் போகாதே, ஒரு தோழியைக் கூட்டிப் போ.

எம்.ஏ. முதலாண்டு மாணவி, கடலூர்: நாளை முதன்முதலாகக் களத்துக்கு, சிங்காரத்தோப்புக்குப் போகிறேன் மேடம். மீன் விற்கும் பெண்களைப் பார்க்கணும். என்ன எடுத்துப் போகட்டும்?

தண்ணீர், சின்ன நோட்டு, பழைய செருப்பு. ஏலம் முடியும்வரை யாரிடமும் பேச்சுக் கொடுக்காதேம்மா, அந்த நேரத்தில் ஒரு நிமிடம் தவறினால் அவர்களுக்கு அன்றைக்குக் கட்ட வேண்டிய தண்டல் கடன் காசு போய்விடும். கூடையைத் தலைக்குத் தூக்கிவிட ஆள் தேடுவார்கள், போய் ஒரு கை கொடு. பிறகு யாராவது டீ வாங்கித் தந்தால் வேண்டாம் என்று சொல்லாதே. கேள்வித்தாள் பையிலேயே இருக்கட்டும்.