பல நிறுவனங்களுக்கு ஒரு துணையாளர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் தொழிற்கூடத்தில் 60 பேர் வேலை செய்கிறார்கள். புதிதாகச் சேர்பவர்களில் பலர் மூன்று மாதம்கூட நிற்பதில்லை. வேலை பிடிக்காமல் போகிறவர்கள் குறைவு. வீட்டில் ஏதோ ஒன்று நடந்து, நான்கு நாள் வராமல் இருந்துவிட்டு, பிறகு திரும்பி வரவே கூச்சப்பட்டு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். தனியாக ஒரு நல அலுவலரை வைத்துக்கொள்ள எங்களுக்கு வசதியில்லை. பல நிறுவனங்கள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளும் முறை உண்டு என்று கேள்விப்பட்டேன். அது எப்படி நடக்கிறது?

பதில்: ‘திரும்பி வரவே கூச்சப்பட்டு’ என்று நீங்கள் எழுதியிருப்பதை இரண்டு முறை படித்தேன். குறைந்த சம்பளத்தில் இருப்பவர்கள் வேலையை இழப்பது பெரும்பாலும் அப்படித்தான். கையில் சேமிப்பு இல்லாத ஒருவருக்கு வண்டி பழுதானால், சரிசெய்யப் பணம் புரட்டும்வரை வேலைக்கு வர வழியில்லை. வராத நாட்களுக்குச் சம்பளம் இல்லையென்பதால் பணம் புரட்டுவது மேலும் கடினமாகிறது. இதற்கிடையில் சூப்பர்வைசரின் அழைப்பை இரண்டு முறை எடுக்காமல் விட்ட பயமும் சேர்ந்துகொள்கிறது. ஐந்தாம் நாள் அவர் வேறு வேலை தேடத் தொடங்கிவிடுகிறார். முதல் நாளிலேயே தயங்காமல் பேச ஓர் ஆள் இருந்திருந்தால் இதில் பாதி நடந்திருக்காது.

நீங்கள் கேள்விப்பட்ட முறைக்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள கிராண்ட் ராபிட்ஸ் நகரம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே பிளாஸ்டிக் பாகங்கள் தயாரிக்கும் காஸ்கேட் எஞ்சினியரிங் என்ற நிறுவனம், அரசு உதவித்தொகையில் வாழ்ந்தவர்களுக்கு 1990களில் வேலை கொடுக்க முயன்று, முதல் முயற்சிகளில் தோற்றது. வேலை இருந்தது, ஆட்கள் நிற்கவில்லை. பிறகு, அரசின் சமூகநலப் பணியாளர் ஒருவரைத் தொழிற்சாலைக்குள்ளேயே அமர்த்தி, வறுமையில் இருப்பவரின் அன்றாடம் எப்படிப்பட்டது என்பதை மேற்பார்வையாளர்களுக்கும் பயிற்சி மூலம் புரியவைத்த பிறகுதான் நிலைமை திருந்தியது. அதே நகரத்தில் உற்பத்தி நிறுவனங்கள் சில சேர்ந்து 2003இல் ‘தி சோர்ஸ்’ என்ற இலாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கி, தனியாகச் செய்ய முடியாததைப் பங்குபோட்டுச் செய்தன. பின்னர் ‘எம்ப்ளாயர் ரிசோர்ஸ் நெட்வொர்க்’ என்ற பெயரில் இம்முறை வேறு மாநிலங்களுக்கும் பரவியது.

ஏற்பாடு எளிமையானதுதான். தொழிலாளர்களின் வீட்டுச் சிக்கல்களில் கைகொடுக்க, நிறுவனங்கள் சேர்ந்து ஒரு துணையாளரை வைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பங்குத்தொகை கட்டுகிறது. அதற்கேற்ற அளவு துணையாளரின் நேரம் அதற்குக் கிடைக்கிறது. உங்களைப் போன்ற ஐந்து கூடங்கள் சேர்ந்தால், ஒவ்வொரு கூடத்திலும் வாரத்தில் ஒரு நாள் அவர் நேரில் இருப்பார். மற்ற நாட்களில் எவரும் அவரைத் தொலைபேசியில் அழைக்கலாம்.

அவர் செய்யும் வேலையில் பெரும்பகுதி, வெளியில் ஏற்கெனவே இருக்கும் உதவியைத் தொழிலாளரிடம் கொண்டுவந்து சேர்ப்பதுதான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள இடம், வாடகை நிலுவைக்கு அவகாசம், நீதிமன்றத் தேதி, மருத்துவச் சான்று, உதவித்தொகைக்கான படிவம் என எல்லாவற்றுக்கும் எங்கேயோ ஒரு மேசை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த மேசை திறந்திருக்கும் நேரமும் உங்கள் பகல் ஷிப்டும் ஒன்றே. அங்கே போக அவர் அரை நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். கொண்டுபோன தாள்களில் ஒன்று குறைந்தால் இன்னோர் அரை நாளையும் இழக்க வேண்டும். எந்தத் தாள் வேண்டும் என்று முன்பே தெரிந்த ஒருவர் இடைவேளையில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், அந்த ஒரு நாள் வேலைக்கும் மிஞ்சும், அவருக்கும் மிஞ்சும்.

தொடங்குவதற்கு முன், கடந்த 12 மாதங்களில் வேலையை விட்டு நின்றவர்களின் பட்டியலைப் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது நாளில் நின்றார், எந்த ஷிப்ட், எந்தச் சூப்பர்வைசர், கடைசியாகச் சொன்ன காரணம் என்ன என்று எழுதுங்கள். புதிய ஆளைத் தேடிய செலவு, பழக்கிய நாட்கள், பழகும்வரை வீணான பொருள், அந்த இடத்தை நிரப்ப மற்றவர்களுக்குக் கொடுத்த ஓவர்டைம் ஆகியவற்றையும் கூட்டுங்கள். அந்தத் தொகையைப் பக்கத்து நிறுவனங்களுக்கும் காட்டினால், பங்கு கட்டுவது பற்றிய பேச்சைத் தொடங்குவது எளிதாகும்.

கேள்வி: நான் வேலை செய்யும் இடத்தில் இப்படி ஒருவர் வரப்போவதாகச் சொல்கிறார்கள். வீட்டுக் கஷ்டத்தை அவரிடம் சொன்னால் அது முதலாளியின் காதுக்குப் போகாது என்று எப்படி நம்புவது?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. அதற்கு ஒரு பழைய சான்றும் உண்டு. 1913இல் ஃபோர்டு கார் நிறுவனத்தின் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில், ஏறத்தாழ 14,000 பேர் செய்யும் வேலைக்கு ஓராண்டில் 52,000க்கும் மேற்பட்டோரைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆட்கள் நிற்காத இந்த நிலையை மாற்ற 1914 ஜனவரியில் ஒரு நாளுக்கு 5 டாலர் என்று நிறுவனம் அறிவித்தது. ஆனால் அதில் ஒரு பகுதி இலாபப் பங்கு என்ற பெயரில், நிபந்தனையோடுதான் கிடைத்தது. நிறுவனத்தின் ‘சமூகவியல் துறை’ ஆட்கள் தொழிலாளர்களின் வீடுகளுக்கே போய், வீடு சுத்தமாக இருக்கிறதா, குடிக்கிறாரா, பணம் சேர்க்கிறாரா என்று விசாரித்தார்கள். தேறாதவருக்கு அந்தப் பங்கு இல்லை. சம்பள உயர்வுக்குப் பின் ஆட்கள் வேலையில் நிலைத்து நின்றார்கள் என்பது உண்மை. ஆனால் அதற்காக வீட்டுக் கதவைத் திறந்துகாட்ட வேண்டியிருந்ததை உதவி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, முதல் சந்திப்பிலேயே துணையாளரிடம் நேராகக் கேளுங்கள்: உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார்? நான் சொல்வதில் எதை எழுதிவைப்பீர்கள்? அதை யார் பார்ப்பார்கள்? அவர் எந்த ஒரு நிறுவனத்தின் ஊழியராகவும் இல்லாமல், நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் பொது அமைப்பின் ஊழியராக இருப்பது முக்கியம். நிறுவனத்துக்கு எண்ணிக்கை மட்டுமே போக வேண்டும். பெயர் உங்கள் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் போகக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்ற நிலை மட்டும் விதிவிலக்கு. அதையும் அவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நிறுவனம் நடத்துவோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருபது பேர் மட்டுமே உள்ள இடத்தில், ‘இந்த மாதம் குடிப்பழக்கம் தொடர்பாக ஒருவர் வந்தார்’ என்று அறிக்கை கொடுத்தால் பெயர் சொன்னதற்குச் சமம். எல்லா நிறுவனங்களின் கணக்கையும் சேர்த்து ஒரே அறிக்கையாகத் தருவதுதான் முறை. துணையாளரின் அறையை மனிதவளத் துறையின் வாசலுக்கு எதிரே வைத்துவிட்டு, யாரும் வருவதில்லை என்று குறைப்படவும் கூடாது.

கேள்வி: ஆலோசனைக்கு அழைக்கும்படி ஒரு தொலைபேசி எண்ணை எங்கள் நிறுவனம் முன்பே கொடுத்திருக்கிறது. அது போதாதா?

பதில்: அத்தகைய சேவைகளின் வேர், 1940களில் டூபாண்ட், கோடக் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் குடிப்பழக்கம் உள்ள ஊழியர்களுக்காக நடத்திய திட்டங்களில் இருக்கிறது. மனச்சோர்வு, குடும்பச் சிக்கல் போன்றவற்றுக்கு அவை இன்றும் பயன்படுகின்றன, நிறுத்திவிட வேண்டாம். ஆனால் நாளைக்கு மின்இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள் என்ற நிலையில் இருப்பவருக்கு, முகம் தெரியாத குரலைவிட, வாரந்தோறும் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துப் பழகிய ஒருவர்தான் உதவுவார்.

கேள்வி: இடர் வரும்போது எங்கள் தொழிலாளர்கள் அதிக வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். நாங்களே முன்பணம் கொடுத்துவிட்டால் என்ன?

பதில்: எண்ணம் நல்லது, வழி ஆபத்தானது. கடன் கொடுத்தவரும் வேலை கொடுத்தவரும் ஒருவரே ஆகிவிட்டால், கடன் தீரும்வரை அந்தத் தொழிலாளி வேலையை விடவும் முடியாது, வாய் திறந்து குறை சொல்லவும் முடியாது. முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போட்ட கொடுமை உலகில் பல இடங்களில் நடந்திருக்கிறது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலுள்ள ரைனோ ஃபுட்ஸ் என்ற உணவுப்பொருள் நிறுவனம் 2007இல் ஒரு கடன் கூட்டுறவு அமைப்போடு சேர்ந்து வேறு வழி கண்டது. கடன் கொடுப்பது கூட்டுறவு அமைப்பு. நிறுவனத்தின் பங்கு, இவர் எங்கள் ஊழியர் என்று உறுதிசெய்து, தவணையைச் சம்பளத்தில் பிடித்துச் செலுத்துவது மட்டும். கடன் வரலாறு சரியில்லை என்பதற்காக மறுப்பதில்லை. பணமும் விரைவில் கைக்கு வருகிறது. கடன் அடைந்த பிறகும், ஊழியர் நிறுத்தச் சொன்னாலொழிய, அதே பிடித்தம் அவருடைய சேமிப்புக் கணக்குக்குப் போகிறது. எனக்கு இத்திட்டத்தில் மிகவும் பிடித்தது இந்தக் கடைசிப் பகுதி. அடுத்த முறை வண்டி பழுதாகும்போது அவர் தன் சொந்தப் பணத்தையே எடுத்துச் செலவழிக்கலாம்.

கேள்வி: சம்பளத்தை உயர்த்தாமல் தப்பிக்க முதலாளிகள் கண்டுபிடித்த வழிதானே இது?

பதில்: அப்படிப் பயன்படுத்துபவர்கள் இருக்கலாம். எந்த இடரும் வராத மாதத்தில்கூட வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எட்டாத சம்பளத்தை எந்தத் துணையாளராலும் ஈடுகட்ட முடியாது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் உணவுக்காகவே பலர் அவரிடம் வருகிறார்கள் என்றால், சம்பளத்தைத்தான் திருத்த வேண்டும். விடியற்காலை ஷிப்டுக்குப் பேருந்து இல்லை என்று பலர் சொன்னால், திருத்த வேண்டியது ஷிப்ட் நேரத்தை. துணையாளர் தரும் கணக்கை இந்தக் கண்ணோடு படிக்காத நிறுவனம் கட்டும் பங்குத்தொகை வீண் என்றே நினைக்கிறேன்.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். வருமான வரம்பு பார்த்து அரசு உதவி கொடுக்கும் இடங்களில், சிறிய சம்பள உயர்வு குழந்தைக் காப்பக உதவியையோ வீட்டு உதவியையோ மொத்தமாக நிறுத்திவிடக்கூடும். அந்தப் பயத்தில் பதவி உயர்வே வேண்டாம் என்பவர்களை முதலாளிகள் சோம்பேறிகள் என்று தவறாக எண்ணுகிறார்கள். உயர்வுக்கு முன்னும் பின்னும் கைக்கு வருவது எவ்வளவு, எந்தப் படியில் இழப்பு வரும், அதை எத்தனை மாதத்தில் தாண்டலாம் என்று துணையாளர் தொழிலாளியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டால், இருவரும் கண்ணைத் திறந்துகொண்டு முடிவெடுக்கலாம்.

கேள்வி: பக்கத்து நிறுவனங்களோடு சேர்ந்தால் அவர்கள் எங்கள் ஆட்களை இழுத்துக்கொள்ள மாட்டார்களா?

பதில்: சிலர் போகக்கூடும். கிராண்ட் ராபிட்ஸ் அமைப்பு, தொழிலாளர்கள் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றில் மேலான வேலைக்குப் போவதையும் தன் நோக்கங்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. உங்களிடம் உயர இடமில்லாத ஒருவர் நான்கு தெரு தள்ளி உயர்ந்தால், அவருடைய தம்பியோ தோழியோ உங்களிடம் விண்ணப்பிக்கும்போது உங்களைப் பற்றி நல்லதாகச் சொல்லித்தான் அனுப்புவார். ஆட்களை விடமாட்டோம் என்று நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்வது மட்டும் வேண்டாம்; அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் அது சட்டப்படி குற்றமாகக்கூடும்.