செக்டிஸ்க் 11 சதவீதத்தில் நிற்கிறது, அணைத்துவிடலாமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, வட்டிலுள்ள பிழைகளைத் தேடித் திருத்தும் விண்டோஸின் 'செக்டிஸ்க்' கட்டளை பற்றியவை. மழைக்காலம், அடிக்கடி மின்தடை, காரணம் ஊகிக்கக்கூடியதுதான். கட்டளைகளை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்; 'செக்' என்பதற்குச் சிஎச்கே, 'டிஸ்க்' என்பதற்கு டிஎஸ்கே.

கேள்வி: பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னபடி சி டிரைவுக்குச் சாய்கோடும் ஆர் எழுத்தும் சேர்த்துச் செக்டிஸ்க் கொடுத்தேன். நான்கு மணி நேரமாக 11 சதவீதத்திலேயே நிற்கிறது. அணைத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பல கணினிகளின் முகப்பில் வட்டுக்கான சிறு விளக்கு இருக்கும். அது மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. அந்தச் சதவீதத்தைக் கடிகாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; ஒரே எண்ணில் வெகுநேரம் நின்றுவிட்டுத் திடீரென்று தாவும்.

எஃப் என்று கொடுத்தால் கோப்புகளின் பதிவேட்டைத்தான் சரிசெய்யும். பெரும்பாலும் சீக்கிரம் முடிந்துவிடும். ஆர் கொடுத்தால் அதோடு நில்லாமல், காலியிடம் உட்பட வட்டு முழுவதையும் படித்துப் பார்க்கும். ஒரு டெராபைட் வட்டை நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் படித்தாலே மூன்று மணி நேரத்தை நெருங்கிவிடும். வழியில் கெட்ட செக்டார் (வட்டில் தரவு எழுதப்படும் சிறு துண்டு) வந்தால் வட்டு அதையே திரும்பத் திரும்பப் படிக்க முயலும். ஆகவே இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். மடிக்கணினி என்றால் சார்ஜரைக் கழற்றாதீர்கள்.

காலையிலும் அதே எண், விளக்கிலும் அசைவில்லை என்றால் அணைப்பதைத் தவிர வழியில்லை. உள்ளேயிருந்து 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் காலைவரை காத்திருக்கவும் வேண்டாம். அந்த வட்டில் இருப்பவை வேறெங்கும் இல்லையென்றால், நீங்களாக மறுபடி இயக்கிப் பார்க்காமல் தரவு மீட்பவரிடம் கொண்டுபோங்கள்.

தம்பியிடமும் சொல்லிவையுங்கள்: சந்தேகம் வந்த வட்டில் எடுத்த எடுப்பில் ஆர் கொடுக்கக் கூடாது. முதலில் முக்கியமானவற்றை வேறு வட்டில் நகலெடுக்க வேண்டும். அடுத்து டிரைவின் பெயரைத் தவிர எந்த எழுத்தும் சேர்க்காமல் செக்டிஸ்க்கை ஓட்டினால், எதையும் மாற்றாமல் பார்த்துவிட்டு மட்டும் சொல்லும். எஃப், ஆர் எல்லாம் அதன் பிறகுதான்.

கேள்வி: சரிபார்ப்பு முடிந்தது, பிழைகள் திருத்தப்பட்டதாகவும் வந்தது. ஆனால் கல்யாணப் படங்கள் இருந்த ஃபோல்டர் காலி! சரிசெய்யும் கருவியே அழித்துவிடுமா?

பதில்: செக்டிஸ்க்கை ஒரு கணக்குப்பிள்ளையாக நினைத்துக்கொள்ளுங்கள். பேரேடும் கிடங்கும் ஒத்துப்போக வேண்டும் என்பதே அவர் கவலை. எந்தப் பக்கத்திலும் பெயர் இல்லாத மூட்டை கிடைத்தால் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கணக்கை முடித்துவிடுவார். மூட்டைக்குள் இருப்பது உங்கள் கல்யாணப் படமா என்பது அவருக்குத் தெரியாது.

அந்த 'ஓரம்' எங்கே என்று சொல்கிறேன். அதே டிரைவில் 'ஃபவுண்ட்.000' என்ற ஃபோல்டர் மறைந்திருக்கலாம். மறைந்த கோப்புகளையும், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளையும் காட்டும்படி அமைப்பை மாற்றினால் தெரியும். உள்ளே சிஎச்கே என்று முடியும் கோப்புகள் இருந்தால், நகலெடுத்து, நகலின் முடிவை ஜேபிஜி என்று மாற்றித் திறந்து பாருங்கள். எல்லாம் திறக்காது, சில திறக்கும். திறக்காதவற்றுக்கு 'ஃபோட்டோரெக்' என்ற இலவச மென்பொருளை முயலலாம். மீட்டதை அதே டிரைவில் சேமிக்காதீர்கள். மீட்க வேண்டியவற்றின் மீதே எழுதியதாகிவிடும்.

கேள்வி: செக்டிஸ்க் கொடுத்ததும், அடுத்த முறை கணினி தொடங்கும்போது சரிபார்க்கவா என்று கேட்டது, ஒய் அழுத்தினேன். இரவு அணைத்துவிட்டுக் காலையில் திறந்தால் எதுவும் நடக்கவில்லை.

பதில்: 'ஷட் டவுன்' கொடுத்திருப்பீர்கள். 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். விண்டோஸ் 8 முதல் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் என்பது முழு அணைப்பு அல்ல, அரைத் தூக்கம்.

கேள்வி: வட்டின் உடல்நலத்தைக் காட்டும் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' மென்பொருள் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கிறது. செக்டிஸ்க்கோ பிழையே இல்லை என்கிறது. யாரை நம்புவது?

பதில்: இரண்டுமே உண்மையைத்தான் சொல்கின்றன. ஒன்று பேரேட்டைப் பார்க்கிறது, மற்றொன்று கிடங்கின் சுவரைப் பார்க்கிறது. சுவர் விரிசல் விடும்போது பேரேடு சுத்தமாக இருந்து என்ன பயன்?

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ காட்டும் பட்டியலில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய், மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. சி6 திருத்த முடியாதவை. எண்கள் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) இருக்கும். மெனுவில் நமக்குப் பழகிய பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். 05-இல் ஓரிரண்டு வந்து மாதக்கணக்கில் அப்படியே நின்றால் நான் பதற்றப்பட மாட்டேன். வாரம் தோறும் ஏறினால் புது வட்டு வாங்கிவிடுவேன். சி5-இல் ஒன்று தெரிந்தாலும் அன்றே நகல்.

சி7 மட்டும் வேறு கதை. வட்டுக்கும் கணினிக்கும் இடையே தரவு போகும்போது நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை அது. பெரும்பாலும் வட்டின் குற்றமல்ல, கேபிளின் குற்றம். என் பழைய மேசைக் கணினியில் அந்த எண் ஏறிக்கொண்டே போனது. வட்டை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினேன், ஏறுவது நின்றது. பழைய எண் மட்டும் அழியாமல் அங்கேயே இருக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு முறை திறக்கும்போதும் டி டிரைவைச் சரிபார்க்கிறது. நிறுத்த வழி உண்டா?

பதில்: 'செக்என்டிஎஃப்எஸ்' கட்டளையுடன் சாய்கோடு எக்ஸ், பிறகு டி: என்று கொடுத்தால் நிற்கும். ஆனால் அது வாயைக் கட்டுவதுதான். அந்த டிரைவில் 'அழுக்கு' என்ற குறி, அதாவது சரிபார்க்க வேண்டும் என்ற அடையாளம், விழுந்திருக்கிறது, அது ஏன் திரும்பத் திரும்ப விழுகிறது என்று பாருங்கள். எஃப் சோதனையை ஒருமுறை முழுதாக முடிய விடுங்கள். பிறகும் தொடர்ந்தால், மேலே சொன்ன மூன்று வரிகளைப் பாருங்கள்.

கேள்வி: பென் டிரைவைச் செருகினால் ஃபார்மட் செய்யச் சொல்கிறது. செக்டிஸ்க் 'ரா' டிரைவில் இயங்காது என்கிறது.

பதில்: 'ரா' என்றால் அந்த டிரைவின் கோப்புப் பதிவேட்டை விண்டோஸால் அடையாளம் காண முடியவில்லை என்று பொருள். பேரேடே கிழிந்துபோனால் கணக்குப்பிள்ளை என்ன செய்வார்? ஃபார்மட் செய்யச் சம்மதிக்காதீர்கள். வேறு போர்ட், வேறு கணினி என்று முதலில் முயலுங்கள். அதிலும் தெரியாவிட்டால் 'டெஸ்ட்டிஸ்க்' என்ற மீட்பு மென்பொருள், அல்லது மேலே சொன்ன ஃபோட்டோரெக். உள்ளிருப்பதை எடுத்த பிறகு ஃபார்மட் செய்து பயன்படுத்தலாம், பாட்டு கேட்க மட்டும்.